சீனச் செவ்விலக்கியத்தைச் சமூகமொழியியல் முறைகளால் ஆராய முடியுமா?

சீனச் செவ்விலக்கியத்தைச் சமூகமொழியியல் முறைகளைக் கொண்டு ஆராய முடியுமா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் விளக்கத்தைப் படித்தால், உங்களை உறுத்துவது வேறொன்று என்று தெரிகிறது. உயிரோடிருக்கும் மனிதர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று பேச்சைத் திரட்டும் துறை சமூகமொழியியல். அப்படியிருக்க, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கற்பனையாக எழுதிய உரையாடலைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே உங்கள் ஐயம். ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் படித்த ஒருவர் இதில் இறங்கலாமா என்றும் இறுதியில் கேட்டிருக்கிறீர்கள். சமூகமொழியியலில் பயிற்சி பெற்று, பின்னர் சீனம் கற்று, பல ஆண்டுகளாக இவ்விரண்டையும் சேர்த்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன். ஆராய முடியும். ஆனால் மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைவிட, எப்படிப் பேசவேண்டும் என்று கருதினார்கள் என்பதற்கே இந்நூல்கள் உறுதியான சான்று தருகின்றன. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத் தொடங்கும் ஆய்வு, எத்தனை அட்டவணைகள் போட்டாலும் நிற்காது.

முதலில் பரப்பைக் குறுக்கிக்கொள்ளுங்கள். சீனச் செவ்விலக்கியத்துக்குள் இரண்டு எழுத்துமொழிகள் உண்டு. வென்யான் எனப்படும் பழைய நடை, கிறிஸ்துவுக்கு முந்தைய சில நூற்றாண்டுகளின் மொழியை அடித்தளமாகக் கொண்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அரசாணைக்கும் தேர்வுக்கும் கவிதைக்கும் பயன்பட்டது. பாய்ஹுவா எனப்படும் நடை பேச்சை ஒட்டியது. மிங், சிங் அரசமரபுகளின் காலத்துப் பெருநாவல்கள் பெரும்பாலும் அதில் எழுதப்பட்டவை. இரட்டை வழக்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழருக்கு இந்த நிலைமையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வென்யான் நூல்களிலும் சமூகமொழியியலுக்கு உரிய செய்திகள் கிடைக்கின்றன, ஆனால் துணுக்குகளாகவே கிடைக்கின்றன. பாடல்களையும் ஆவணங்களையும் ஓதும்போதும் சடங்குகளை நடத்தும்போதும் கன்பூசியஸ் 'யாயான்' என்ற செம்மையான பேச்சைப் பயன்படுத்தினார் என்று அவருடைய உரைத்தொகுப்பின் ஏழாம் இயல் குறிப்பிடுகிறது. அப்படியென்றால் மற்ற நேரங்களில் அவர் வேறுவிதமாகப் பேசினார் என்று ஊகிக்க இடமிருக்கிறது. கன்பூசிய மரபின் அறிஞர் மென்சியஸின் நூலில் இதைவிடக் கூர்மையான குறிப்பு ஒன்று உண்டு. 'அர்', 'ரு' என்று பிறர் தன்னை விளிப்பதை ஏற்க மறுக்கும் மனத்தை ஒருவர் முழுமையாக வளர்த்துக்கொண்டால், எங்கு சென்றாலும் அவர் நெறி தவறமாட்டார் என்று அவர் சொல்கிறார். அவ்விரண்டு முன்னிலைச் சொற்களும் அக்காலத்தில் கீழ்நோக்கிப் பேசும் 'நீ'யாக இருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனாலும் இத்தகைய குறிப்புகளைக் கொண்டு ஒரு சமூகத்தின் பேச்சொழுங்கை முழுமையாகக் கட்டியெழுப்ப முடியாது. அதற்கு நாவல்தான் வேண்டும்.

எந்த நாவல் என்றால், தயக்கமில்லாமல் 'செம்மாடக் கனவு' என்று பொருள்படும் 'ஹோங்லோ மெங்' என்று சொல்வேன். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் த்ஸாவ் ஷுவேச்சின் எழுதியது. ஜியா என்ற ஒரே பெருங்குடும்பத்தின் மாளிகைக்குள் பாட்டி, மருமகள்கள், மகள்கள், இளைய மனைவியர், பல தரத்துப் பணிப்பெண்கள், காரியக்காரர்கள், அவர்களுடைய மனைவியர், அவ்வப்போது வந்துபோகும் ஏழை உறவினர் என நூற்றுக்கணக்கானோர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யாருக்கு யார் என்ன உறவு, யாருடைய மாதச் சம்பளம் எவ்வளவு என்பதுவரை நூலே சொல்கிறது. களப்பணியில் ஒரு கிராமத்தின் சமூக அமைப்பை அறிய மாதக்கணக்கில் செலவிடுகிறோம். இங்கே அது தயாராகவே கிடைக்கிறது. சீன இலக்கண அறிஞர் வாங் லி, 1940களில் வெளியிட்ட நவீனச் சீன இலக்கண நூலுக்கு எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் இந்த நாவலிலிருந்தே எடுத்தார் என்பதும் இதன் உரையாடல் மீது மொழியியலாளர்களுக்கு இருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது.

ஆறாம் அத்தியாயத்தில் லியூ என்ற ஏழைக் குடியானவப் பாட்டி, தூரத்து உறவைச் சொல்லிக்கொண்டு உதவி கேட்டு அந்த மாளிகைக்கு வருகிறாள். உள்ளே பட்டுடுத்திப் பொன்னும் வெள்ளியும் அணிந்து நிற்கும் ஓர் இளம்பெண்ணைப் பார்த்ததும், வீட்டு நிர்வாகத்தை நடத்தும் வாங் ஷீஃபெங் இவள்தான் என்று எண்ணி, எஜமானிக்குரிய சொல்லால் விளிக்க வாயெடுக்கிறாள். அந்தக் கணத்தில், தன்னை அழைத்து வந்த ஜோ ருய்யின் மனைவி அப்பெண்ணைப் 'பிங் குநியாங்' (குநியாங் என்பது இளம்பெண்ணுக்குரிய சொல்) என்று கூப்பிடுவதும், அப்பெண் பதிலுக்கு அவளை 'ஜோ பெரியம்மா' என்று கூப்பிடுவதும் அவள் காதில் விழுகின்றன. இவள் கொஞ்சம் மதிப்புள்ள பணிப்பெண்தான் என்று பாட்டிக்குப் புரிந்துவிடுகிறது. உடையும் நகையும் தந்த செய்தியை இரண்டு விளிச்சொற்கள் மாற்றிவிடுகின்றன. பணியாளர் மனைவி ஒருத்தியைப் பெரியம்மா என்று அழைப்பவள் எஜமானியாக இருக்க முடியாது என்ற விதி, அந்த மாளிகைக்குள் ஒருபோதும் கால் வைத்திராத குடியானவப் பெண்ணுக்கும் தெரிந்திருக்கிறது.

நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது இந்த இடத்தைத்தான். இங்கே ஆய்வாளர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. விளிச்சொல்லிலிருந்து சமூகத் தரத்தைக் கணிக்கும் வேலையைப் பாத்திரமே செய்கிறது, கதைசொல்லி அதை வெளிப்படையாகப் பதிவு செய்கிறார். இப்படிப் பாத்திரங்கள் பேச்சைப் பற்றியே பேசும் இடங்களைத்தான் முதல்தரச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எழுத்தாளர் உரையாடலை இட்டுக்கட்டியிருக்கலாம். ஆனால் ஒருவர் பேசியது தவறு என்று இன்னொருவர் கடிந்துகொள்ளும் காட்சி வாசகருக்குப் புரியவேண்டுமென்றால், அந்த விதி எழுத்தாளருக்கும் அவருடைய முதல் வாசகர்களுக்கும் பொதுவாக இருந்தே தீரவேண்டும். அதே அத்தியாயத்தில் லியூ பாட்டி தன் பேரனை ஷீஃபெங்கிடம் 'உன் அண்ணன் பிள்ளை' என்று அறிமுகப்படுத்துகிறாள். வெளியே வந்ததும் ஜோ ருய்யின் மனைவி, சொந்த அண்ணன் பிள்ளையாகவே இருந்தாலும் இன்னும் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்க வேண்டாமா என்று கடிந்துகொள்கிறாள். அதற்குச் சற்று முன்புதான், இருபது தேல் (சீன எடை அளவு) வெள்ளி கிடைக்கப்போகிறது என்று கேட்ட மகிழ்ச்சியில் பாட்டி, செத்த ஒட்டகமும் குதிரையைவிடப் பெரிது, உங்கள் உடம்பில் ஒரு மயிரைப் பிடுங்கினால்கூட அது எங்கள் இடுப்பைவிடத் தடிமன் என்று சொல்லிவிட, பேச்சின் கொச்சைத்தனத்தைக் கேட்ட ஜோ ருய்யின் மனைவி கண்ணால் சாடை காட்டித் தடுக்கப் பார்த்தாள். உறவுச்சொல்லின் எல்லை, பழமொழியின் தகுதி இரண்டையும் பற்றிய தீர்ப்பு ஒரே அத்தியாயத்தில் நமக்குக் கிடைத்துவிடுகிறது.

இனிக் கோட்பாட்டுக்கு வருகிறேன். ராஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் எழுதிய கட்டுரை, ஐரோப்பிய மொழிகளின் 'நீ', 'நீங்கள்' தேர்வை அதிகாரம், தோழமை என்ற இரண்டு அச்சுகளால் விளக்கியது. அதை அப்படியே இந்த நாவலின் மீது வைத்தால் பொருந்தாது, ஏனென்றால் இதில் எல்லாரும் எல்லாரையும் 'நி' என்ற ஒரே சொல்லால்தான் சுட்டுகிறார்கள். மரியாதை கூட்டவேண்டுமானால் 'நி லாவ்' என்பதுபோல முதுமையைக் குறிக்கும் சொல்லைச் சேர்க்கிறார்கள். மரியாதையின் பாரம் முழுவதையும் உறவுப்பெயர்களும் பட்டங்களும்தான் சுமக்கின்றன. ஆகவே பிரவுன், கில்மன் இருவரின் அச்சுகளை வைத்துக்கொண்டு, பிரதிப்பெயருக்குப் பதில் விளிச்சொற்களை ஆராயவேண்டும். சீன விளிச்சொற்களின் அமைப்பை யுவன் ரென் ஜாவ் 1956இலேயே ஒரு கட்டுரையில் வகைப்படுத்தியிருக்கிறார். அதை முதலில் படிப்பது நல்லது.

அடுத்தது பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரின் பணிவுக் கோட்பாடு. 1978இல் முதலில் வெளிவந்து 1987இல் தனி நூலானது. அதன் மூன்று அடிப்படை மொழிகளில் ஒன்று தமிழ். கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் லெவின்சன் செய்த களப்பணியிலிருந்து வந்த தரவு அது. கோட்பாட்டின் மையமான 'முகம்', அதாவது பிறர்முன் ஒருவர் காத்துக்கொள்ள விரும்பும் மதிப்பு என்ற கருத்தோ, சமூகவியலாளர் எர்விங் கோஃப்மனிடமிருந்து வந்தது. அவர் அதை வளர்த்தபோது, சீனர்களின் முகம் பற்றிய கருத்துகளை விளக்கி ஹூ ஷியன்சின் 1944இல் எழுதிய கட்டுரையைப் பயன்படுத்திக்கொண்டார். சீனத்தில் தோன்றிய ஒரு கருத்து தமிழ்க் கிராமத்துத் தரவு வழியாகச் சென்று மீண்டும் சீன நூலுக்கு வருகிறது என்பதால் அது எளிதாகப் பொருந்தும் என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் பொருந்துகிறது. கு யுவேகுவோ 1990இல் காட்டியதுபோல, சீனத்தில் பணிவு என்பது தனிமனிதர் தம் முகத்தைக் காத்துக்கொள்ளும் உத்தி மட்டுமன்று, சமூகம் விதித்த கடமையும்கூட. தன்னைத் தாழ்த்திப் பிறரை உயர்த்துவதும், சரியான விளிச்சொல்லைத் தேர்வதும் அதன் தனி நெறிகள். லியூ பாட்டி 'உன் அண்ணன் பிள்ளை' என்று உறவு கொண்டாடியது, பிரவுன்-லெவின்சன் கணக்குப்படி நெருக்கத்தைக் காட்டும் முறையான உத்தி. அவளுக்கு வெள்ளியும் கிடைத்துவிட்டது. ஆனாலும் அது தவறு என்று கண்டிக்கப்படுகிறது. பயன் தந்த உத்தி ஏன் தவறாகிறது என்பதை விளக்கக் கு யுவேகுவோவின் கடமைக் கருத்துதான் உதவுகிறது.

புனைவு உரையாடலில் இக்கோட்பாட்டைச் சோதித்ததற்கு முன்னோடி உண்டு. பிரவுனும் கில்மனும் 1989இல் ஷேக்ஸ்பியரின் நான்கு பெரும் துன்பியல் நாடகங்களை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய எல்லாமே ஒத்திருந்து ஒன்றில் மட்டும் வேறுபடும் காட்சிகளை இணையிணையாக ஒப்பிட்டார்கள். அதிகாரமும் கோரிக்கையின் கனமும் கோட்பாடு சொன்னபடி நடந்துகொண்டன. நெருக்கம் மட்டும் அப்படி நடக்கவில்லை. பழக்கத்தைவிட அன்பும் வெறுப்பும்தான் பணிவை அதிகம் தீர்மானித்தன. இந்த இணை ஒப்பீட்டு முறை சீன நாவலுக்கு மிகவும் ஏற்றது. எண்ணிக்கை முறைகளைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

விதிகளை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதற்கு 52ஆம் அத்தியாயம் நல்ல இடம். வீட்டின் இளைய எஜமானர் பாவ்யூவின் பணிப்பெண் ச்சிங்வென், திருட்டுக்காக ஒரு சிறுபணிப்பெண்ணை வெளியேற்றிவிடுகிறாள். வெளியேற்றப்பட்டவளின் தாய் வந்து, நீங்கள் பாவ்யூவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறீர்கள், உங்களுக்கு அது தகும், நாங்கள் சொன்னால் காட்டுமிராண்டிகள் ஆகிவிடுவோம் என்று குத்திக்காட்டுகிறாள். அதற்கு ஷெயுவே என்ற மற்றொரு பணிப்பெண் இரண்டு காரணங்களை அடுக்குகிறாள். பிள்ளை நோயின்றித் தங்கவேண்டும் என்பதற்காகப் பாட்டியம்மாளே அவன் பெயரை எழுதி ஒட்டி எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்று ஆணையிட்டிருக்கிறாள். தண்ணீர் சுமப்பவரும் பிச்சைக்காரரும்கூடச் சொல்லலாம் என்பது முதல் காரணம். இரண்டாவதுதான் ஆய்வாளருக்குப் பொன் போன்றது: நாங்கள் அடிக்கடி பாட்டியம்மாளிடம் செய்தி சொல்லப் போகிறவர்கள், அவர்முன் அவனைப் பெயர் சொல்லாமல் 'எஜமானர்' என்றா சொல்வது? பேசப்படுபவர் எவ்வளவு உயர்ந்தவரானாலும், கேட்பவர் அவரைவிட உயர்ந்தவரானால் மரியாதைச் சொல்லைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற சார்பு மரியாதை விதியை அவள் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறாள். இதே விதி எதிர்த்திசையில் வேலை செய்வதை 63ஆம் அத்தியாயத்தில் காணலாம். இரவுக் காவலைப் பார்வையிட வரும் லின் ஜிஷியாவின் மனைவி, பாவ்யூ பணிப்பெண்களைப் பெயர் சொல்லி அழைப்பதாகக் கேள்விப்பட்டேன், அவர்கள் இந்த அறையில் இருந்தாலும் பாட்டியம்மாளின், அம்மாளின் ஆட்கள் அல்லவா, வாயில் கொஞ்சம் மரியாதை வேண்டும் என்கிறாள். பெயருக்குப் பதிலாகப் பணிப்பெண்ணுக்குக் கிடைக்கும் 'அக்கா' என்ற சொல் அவளுக்குரியதன்று. அவளை அனுப்பிய மூத்தவருக்குச் செல்லும் மரியாதை அது. இவ்விரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்தால், விளிச்சொல்லைத் தீர்மானிப்பது பேசுபவர், கேட்பவர் என்ற இருவர் மட்டுமல்லர், அங்கே இல்லாத மூன்றாமவரும்தான் என்பது விளங்கும்.

55ஆம் அத்தியாயத்தில் உறவுப்பெயர் நேரடியாக வழக்காகவே மாறுகிறது. இளைய மனைவிக்குப் பிறந்த தான்ச்சுன் தற்காலிகமாக வீட்டுக் கணக்கை நடத்தும்போது, அவளைப் பெற்ற ஜாவ்வின் உடன்பிறந்தவன் இறந்துவிடுகிறான். தான்ச்சுன் பழைய பதிவுகளைப் பார்த்து, அடக்கச் செலவுக்கு விதிப்படி இருபது தேல் மட்டுமே தருகிறாள். செத்தது உன் மாமன், இன்னும் இருபது முப்பது கொடுத்தால் என்ன என்று தாய் அழுகிறாள். என் மாமன் யார், என் மாமன் அண்மையில்தான் ஒன்பது மாகாணங்களுக்கு அதிகாரியாக உயர்ந்திருக்கிறார், இன்னொரு மாமன் எங்கிருந்து வந்தான் என்று தான்ச்சுன் கேட்கிறாள். அவள் சொல்வது தந்தையின் முதல் மனைவியின் சகோதரனை. பிறகு அவள் வைக்கும் வாதம் கவனிக்கத்தக்கது: அவன் மாமனாக இருந்தால், என் தம்பி வெளியே போகும்போது ஏன் எழுந்து நின்றான், ஏன் அவன் பின்னால் பள்ளிக்குத் துணையாகப் போனான்? சொல்லுக்கும் நடத்தைக்கும் பொருத்தம் இருந்தால்தான் உறவுப்பெயர் செல்லும் என்று அவளே அளவுகோல் வகுக்கிறாள். தாய்மாமன் என்ற சொல்லின் கனம் அறிந்த தமிழ் வாசகருக்கு இக்காட்சி கூடுதலாக வலிக்கும். ஆனால் அந்த வலியை அப்படியே சீனச் சூழலுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. சீன மரபில் பிள்ளைகளுக்குச் சட்டப்படியான தாய் முதல் மனைவிதான் என்பதால், தான்ச்சுன் சொல்வது கொடுமையாகத் தோன்றினாலும் முறைப்படி சரி.

எல்லாவற்றிலும் நுட்பமானது 31ஆம் அத்தியாயம். தமிழ் வாசகருக்கு உண்மையான சாதகம் இருக்கும் இடமும் அதுவே. வடசீனப் பேச்சில் 'ஸான்மென்' என்றால் கேட்பவரையும் சேர்த்த 'நாம்', 'வோமென்' என்றால் பெரும்பாலும் கேட்பவரைச் சேர்க்காத 'நாங்கள்'. நம் இலக்கணத்தின் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை அங்கேயும் இருக்கிறது. ச்சிங்வென் ஒரு விசிறியை ஒடித்துவிட, பாவ்யூவுக்கும் அவளுக்கும் சண்டை மூள்கிறது. சமாதானம் செய்ய வரும் ஷீரென் என்ற மற்றொரு பணிப்பெண், நல்ல தங்கையல்லவா, நீ கொஞ்சம் வெளியே போய்வா, இது வோமென் தவறுதான், அதாவது 'எங்கள் தவறுதான்', என்கிறாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், அது ஷீரெனையும் பாவ்யூவையும் குறிக்கிறது என்று ச்சிங்வென் எடுத்துக்கொண்டு பொறாமையில் பொங்கியதாகக் கதைசொல்லி எழுதுகிறார். அந்த 'நாங்கள்' யார் என்று எனக்குத் தெரியவில்லையே, முறைப்படி உனக்கு இன்னும் ஒரு பட்டம்கூடக் கிடைக்கவில்லை, நீயும் என்னைப் போன்றவள்தான், அதற்குள் எங்கிருந்து வந்தது 'நாங்கள்' என்று அவள் சீறுகிறாள். ஒரு பிரதிப்பெயர், ஒரு பணிப்பெண் தனக்கு இன்னும் கிடைக்காத மனைவித் தகுதியைக் கோருவதாகப் பிடிபடுகிறது.

பல ஆய்வுகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. இன்னும் சில வரிகள் படிக்கவேண்டும். சற்று நேரத்தில் பாவ்யூவின் அத்தை மகள் தாய்யூ உள்ளே வந்து ஷீரெனை விளையாட்டாக 'அண்ணி' என்று அழைக்க, அவள், நீங்கள் என்ன இப்படிச் சொல்கிறீர்கள், 'வோமென்' ஒரு பணிப்பெண் என்று மறுக்கிறாள். இந்த 'வோமென்' ஒருமை. 'எங்களைப் போன்ற ஒரு வேலைக்காரி' என்று தன்னைக் கூட்டத்துக்குள் ஒளித்துக்கொள்ளும் பணிவு வழக்கு. அப்படியென்றால் முதலில் வந்த 'வோமென்' என்ன? ஷீரென் தன்னையும் பாவ்யூவையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். பணிப்பெண்ணுக்கு இயல்பான அந்தப் பணிவுப் பன்மையாகவும் இருந்திருக்கலாம். ச்சிங்வென் எப்படிக் கேட்டாள் என்பது கதைசொல்லியின் சொல்லால் உறுதி. ஷீரென் எந்தப் பொருளில் சொன்னாள் என்பது உறுதியன்று. உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் எங்கே பிரிப்பது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாவலில் எத்தனை 'வோமென்' வருகின்றன என்று கணினியால் எண்ணி, அதைப் பன்மை என்று பதிவு செய்யும் ஆய்வு எதைத் தவறவிடும் என்பதையும் இது காட்டுகிறது.

பேச்சு நடை பற்றிய மனப்பான்மைகளும் நூலில் தாராளமாகக் கிடைக்கின்றன. 27ஆம் அத்தியாயத்தில் ஷீஃபெங், ஒரு வாக்கியத்தை இரண்டு மூன்று துண்டாக இழுத்து, சொல்லை மென்று, குரலில் பாவனை காட்டிப் பேசும் பணிப்பெண்களைக் கண்டாலே எரிச்சல் வருகிறது, கொசு மாதிரி முனகினால்தான் அழகியா என்கிறாள். பணிப்பெண்களிடையே அப்படி இழுத்துப் பேசுவது ஒரு நாகரிகமாகக் கருதப்பட்டிருந்தால்தான் இந்த எரிச்சலுக்குப் பொருள் உண்டு. மிங் காலத்து நாவலான 'நீர்க்கரை'யின் 38ஆம் அத்தியாயத்தில், லி குய் முதன்முதலாகச் சோங் ஜியாங்கைப் பார்த்து, அண்ணே, இந்தக் கறுத்த ஆள் யார் என்று கேட்க, அவனுடைய நண்பன் தாய் சோங் அவனிடம், 'இந்த ஐயா யார்' என்று கேட்டிருந்தால் சரி, நீ கேட்டதுதான் முரட்டுத்தனம் என்று பாடம் நடத்துகிறான். தான் கேட்டதில் என்ன தவறு என்று லி குய்க்கு உண்மையாகவே விளங்கவில்லை. தகாத வடிவத்தையும் தகுந்த வடிவத்தையும் ஒரே இடத்தில் தரும் இத்தகைய பகுதிகளைத் தேடித் தொகுத்தாலே ஒரு நல்ல ஆய்வேட்டுக்குத் தரவு கிடைத்துவிடும்.

இப்போது எச்சரிக்கைகள். மூலபாடத்தில்தான் முதல் சிக்கல். 'செம்மாடக் கனவு' ஆசிரியர் வாழ்ந்த காலத்தில் கைப்பிரதிகளாகவே உலவியது. அவை அதிகபட்சம் எண்பது அத்தியாயங்கள். 1791இல் செங் வெய்யுவானும் காவ் அவும் 120 அத்தியாயங்களாக அச்சிட்டார்கள். அடுத்த ஆண்டே வெளிவந்த திருத்தப் பதிப்பில் உரையாடல் பெய்ஜிங் பேச்சுக்கு இன்னும் நெருக்கமாக மாற்றப்பட்டிருக்கிறது. கடைசி நாற்பது அத்தியாயங்களை எழுதியது யார் என்பது, ஹூ ஷி 1921இல் தன் ஆய்வை வெளியிட்ட நாளிலிருந்து முடிவுக்கு வராத வாதம். சுவீடன் நாட்டு அறிஞர் பெர்ன்ஹார்ட் கார்ல்கிரென் 1952இல் இலக்கணக் கூறுகளை எண்ணிப் பார்த்து முழு நூலும் ஒருவரே எழுதியது என்ற முடிவுக்கு வந்தார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. பதிப்பாசிரியர்களின் கை மொழியைச் சமன்படுத்தியிருக்கும் ஒரு நூலில், இலக்கணக் கூறுகளின் எண்ணிக்கை யாருடைய பழக்கத்தைக் காட்டுகிறது என்பது எளிதில் தீராத கேள்வி. பேச்சுவழக்குச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணப்போகிறீர்கள் என்றால், எந்தப் பிரதியை எண்ணுகிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ச்சியாஷு எனப்படும் 1754ஆம் ஆண்டுப் பெயரிட்ட பிரதியில் பதினாறு அத்தியாயங்களே எஞ்சியிருக்கின்றன. நான் மேலே சொன்னவற்றில் ஆறாவதும் இருபத்தேழாவதும் அதில் உண்டு. மற்றவற்றுக்கு 1760ஆம் ஆண்டுப் பெயர் தாங்கிய கெங்சென் பிரதியைப் பயன்படுத்தலாம். அதில் 78 அத்தியாயங்கள் உள்ளன.

வட்டார வழக்கு பற்றிய முடிவுகளில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். த்ஸாவ் குடும்பம் தலைமுறைகளாக நான்ஜிங்கில் அரண்மனைக்கான பட்டு நெசவை மேற்பார்வையிட்டது. 1728ஐ ஒட்டிச் சொத்துகள் பறிமுதலாகிப் பெய்ஜிங்குக்கு வந்தது. ஆகவே நூலில் இரு நகரங்களின் சாயலும் கலந்திருக்கிறது. பாட்டியம்மாள் ஷீஃபெங்குக்குப் பட்டப்பெயர் வைக்கும்போது தென்மாகாணத்து வழக்கு என்று ஒரு சொல்லைத் தானே சுட்டிக்காட்டுகிறாள். ஆனால் சீன எழுத்து ஒலியை மறைத்துவிடும். 20ஆம் அத்தியாயத்தில் ஷியாங்யுன் என்ற உறவுக்காரப் பெண், 'இரண்டாம் அண்ணன்' என்பதில் 'இரண்டு' எனப் பொருள்படும் 'அர்' என்ற சொல்லை 'ஆய்' என்று உச்சரிப்பதாகத் தாய்யூ கேலி செய்யும் இடம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, யார் எந்த உச்சரிப்பில் பேசினார்கள் என்று நமக்குத் தெரிய வழியில்லை. நியூயார்க்கின் பெருங்கடை விற்பனையாளர்களிடம் சமூகமொழியியலாளர் வில்லியம் லபோவ் கண்ட ஒலி வேறுபாட்டைப் போன்ற ஒன்றை இங்கே தேடிப் பயனில்லை. உரையாடலில் வட்டார வழக்கை எழுத்திலேயே காண விரும்பினால், 1892இல் தொடராக வெளிவரத் தொடங்கிய ஹான் பாங்ச்சிங்கின் ஷாங்ஹாய் நாவலுக்குப் போங்கள். அதில் கதைப்பகுதி பொதுமொழியிலும் உரையாடல் சூச்சோ வழக்கிலும் இருப்பதால் எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும்.

பெண்களின் பேச்சு, பணியாளர்களின் பேச்சு என்று நாம் படிப்பது அனைத்தும் படித்த ஆண் ஒருவரின் காதால் கேட்டு எழுதப்பட்டது என்பது மற்றொரு வரம்பு. த்ஸாவ் ஷுவேச்சினின் காது அபாரமானது. அதனால்தான் இதைக் குறிப்பிட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. திறமையான எழுத்தாளர் சராசரிப் பேச்சை எழுதமாட்டார், ஆளை அடையாளம் காட்டும் பேச்சையே எழுதுவார். லியூ பாட்டியின் ஒட்டகப் பழமொழி குடியானவப் பெண்கள் பேசியவிதத்துக்குச் சான்றா, அவர்கள் அப்படிப் பேசுவார்கள் என்று மாளிகைவாசிகள் எண்ணியதற்குச் சான்றா? இரண்டாவதை மட்டுமே உறுதியாகச் சொல்லலாம்.

மொழிபெயர்ப்பு பற்றி. டேவிட் ஹாக்ஸும் ஜான் மின்ஃபோர்டும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இலக்கியமாகச் சிறந்தது. யாங் ஷியன்யி, கிளாடிஸ் யாங் இருவரும் செய்தது மூலத்தை இன்னும் நெருங்கித் தொடர்கிறது. எந்தக் காட்சிகளை ஆராயலாம் என்று தேர்ந்தெடுக்க இரண்டுமே உதவும். ஆனால் ஹாக்ஸ் பணிப்பெண்களின் பெயர்களை ஆங்கிலச் சொற்களாகவே மாற்றிவிடுகிறார். விளிச்சொற்களைப் பல இடங்களில் ஆங்கில வாசகருக்கு இயல்பாகத் தோன்றும்படி அமைக்கிறார். ஆங்கிலத்தில் 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு இல்லாததால் 31ஆம் அத்தியாயத்தின் முடிச்சு பாதியாகவே கடந்துவரும். ஆகவே மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு விளிச்சொல் ஆய்வு செய்ய முடியாது என்றே சொல்வேன். அதற்காக முழு நாவலையும் சீனத்தில் படித்து முடிக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஓராண்டு சீனம் படித்தவர் நல்ல அகராதியும் ஆசிரியரும் துணையிருந்தால் 6, 31, 52, 55, 63 ஆகிய அத்தியாயங்களின் குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் வரிவரியாகப் படித்துவிடலாம். ஒவ்வொரு விளிக்கும் யார் சொன்னது, யாரிடம், யாரைப் பற்றி, அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஷெயுவே சொன்ன விதி அதில்தான் வெளிப்படும். அதன் பின்னர், அதே இருவர் தனியே இருக்கும்போதும் மூத்தவர்முன் இருக்கும்போதும் பேசும் காட்சிகளை இணைகளாக்கி, பிரவுனும் கில்மனும் செய்ததுபோல ஒப்பிடுங்கள். கடைசி நாற்பது அத்தியாயங்களை முதல் கட்டத்தில் சேர்க்க வேண்டாம். முந்தைய எண்பதில் கிடைத்த விதிகள் அவற்றிலும் காக்கப்படுகின்றனவா என்று பிறகு தனியாகச் சோதிக்கலாம், படைப்பாளர் பற்றிய வாதத்துக்கு உங்கள் தரவு அங்கேதான் பயன்படும்.